கோல்ஃப் சீசன் எப்போதுதான் முடிகிறது? யாராவது புரியவைத்தால் புண்ணியமாகப் போகும்

ராத்திரி ராஜா (கேள்வி, நவம்பர் 17, 2025, திங்கள்)

வணக்கம். நான் கோல்ஃபுக்குப் புதுசு, விளையாடியதெல்லாம் கிடையாது. இந்த ஏப்ரலில் மெக்கில்ராய் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்த அன்று தூக்கம் வராமல் சேனலை மாற்றிக்கொண்டிருந்தபோது மாட்டியது, அதோடு போச்சு, எல்லா ஞாயிறு ராத்திரியும் அதிலேயே கழிகிறது.

என் குழப்பம் இதுதான். ஆகஸ்டில் அட்லாண்டாவில் டாமி ஃப்ளீட்வுட் ஃபெடெக்ஸ் கோப்பையைத் தூக்கினார், நான் மூன்றரை மணி வரை கொட்டக்கொட்ட விழித்திருந்து பார்த்தேன். சீசன் சாம்பியன் என்றார்கள். சரி, முடிந்தது, இனி திங்கட்கிழமை ஆபீஸில் கண்ணைத் திறந்து வேலை பார்க்கலாம் என்று நினைத்தால் இரண்டே வாரத்தில் மறுபடி போட்டி! நேற்று துபாயில் ஃபிட்ஸ்பாட்ரிக், சமமாக முடிந்த பிறகு ஆடிய பிளேஆஃபில் மெக்கில்ராயைத் தோற்கடித்தார், ஆனால் தோற்ற மெக்கில்ராயும் பக்கத்திலேயே ஒரு கோப்பையோடு நிற்கிறார், அவர்தான் சீசன் சாம்பியனாம். இந்த வாரம் ஜார்ஜியாவில் இன்னொரு "கடைசிப் போட்டி" என்று போட்டிருக்கிறார்கள். எத்தனை கடைசி சார் இருக்கிறது? ஐபிஎல் என்றால் புள்ளிப் பட்டியல், நாலு டீம், ஒரு ஃபைனல், வேலை முடிந்தது.

வீட்டில் எச்சரிக்கை வந்துவிட்டது, இனி ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் அனுமதி. மிச்சம் இருப்பதில் எதைப் பார்க்கலாம்?

---

பழைய பர்டி

தம்பி, உங்கள் குழப்பம் நியாயமானதுதான், இருபது வருஷமாகப் பார்க்கிற எங்களுக்கே வருஷா வருஷம் விதியை மாற்றித் தலை சுற்ற வைக்கிறார்கள்.

முதலில், நீங்கள் பார்த்தது ஒரே சீசன் இல்லை, தனித்தனிக் கடைகள். அமெரிக்காவின் பிஜிஏ டூருக்கு ஃபெடெக்ஸ் கோப்பை, அது ஆகஸ்டில் முடிகிறது. ஐரோப்பிய டூர், இப்போது டிபி வேர்ல்ட் டூர் என்று பெயர், அதன் வருடப் பட்டியல் ரேஸ் டு துபாய், அது நவம்பரில் துபாயில் முடியும். நேற்று நடந்த போட்டியை வென்றது ஃபிட்ஸ்பாட்ரிக், வருஷம் முழுக்கச் சேர்த்த புள்ளியில் முதலிடம் மெக்கில்ராய். இது அவருக்கு ஏழாவது முறை. செவே பாயஸ்டெரோஸின் ஆறைத் தாண்டிவிட்டார், இன்னும் ஒன்று எடுத்தால் மான்ட்கோமரியின் எட்டைத் தொடுவார்.

இப்படி ஒரே மேடையில் இரண்டு பேர் கோப்பையோடு நிற்பது அமெரிக்காவிலும் நடந்த கதைதான். ஃபெடெக்ஸ் கோப்பை 2007ல் ஆரம்பித்தது, முதல் வருஷம் டைகர் வுட்ஸ். அடுத்த வருஷமே கூத்து: விஜய் சிங் கடைசிப் போட்டிக்கு முன்பே எட்ட முடியாத புள்ளிகளைச் சேர்த்துவிட்டார், வந்து நாலு நாள் ஆடி முடித்தாலே போதும் என்ற நிலை. ஃபைனலில் ஃபைனலே இல்லை! 2018ல் ஐந்து வருஷமாக வெற்றியே இல்லாத டைகர் அந்தக் கடைசிப் போட்டியை ஜெயிக்கிறார், 80வது வெற்றி, கூட்டம் கயிற்றைத் தாண்டி 18வது ஃபேர்வேயில் (நடுப் புல்வெளிப் பாதை) அவர் பின்னாலேயே ஓடி வருகிறது, தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. ஆனால் அன்று ஃபெடெக்ஸ் கோப்பை ஜஸ்டின் ரோஸுக்கு. பாவம், ஒரு கோடி டாலர் வாங்கிய மனிதனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று 2019ல் புள்ளிக்குப் பதில் ஸ்ட்ரோக், அதாவது ஷாட் சலுகை கொடுத்தார்கள். கோல்ஃபில் குறைவான ஷாட்டில் முடிப்பவர்தான் ஜெயிப்பார்; மைனஸ் 10, 10 அண்டர் என்றால் மைதானத்துக்கு வைத்திருக்கும் கணக்கைவிடப் பத்து ஷாட் குறைவு. பட்டியலில் முதலில் இருப்பவர் ஒரு பந்துகூட அடிக்காமல் மைனஸ் 10ல் ஆரம்பிப்பார், இரண்டாமவர் மைனஸ் 8, இப்படியே இறங்கி 26 முதல் 30 வரை இருப்பவர்கள் சைபரில். ஓட்டப் பந்தயத்தில் ஒருத்தனைப் பத்து அடி முன்னால் நிறுத்துவது போல. 2024ல் ஷெஃப்லர் மைனஸ் 30 என்று முடித்து நாலு ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார், ஆனால் அந்த நாலு நாளில் நிஜமாகக் குறைவாக அடித்தது மொரிகாவா. அவர் 22 அண்டர், ஷெஃப்லர் 20 அண்டர். அந்த வாரம் சகித் தீகலா (கலிஃபோர்னியாவில் பிறந்தவர், பெற்றோர் ஹைதராபாத்) பங்கரில் (மணல் குழி) மட்டை பின்னால் போகும்போது மணலைத் தொட்டது என்று தானே சொல்லி இரண்டு ஷாட் அபராதம் வாங்கிக்கொண்டார். மூன்றாவதாக முடித்தார். அந்த இரண்டு ஷாட் அபராதம் இல்லாமல் இருந்திருந்தால் மொரிகாவாவோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்திருப்பார், கைநழுவியது சுமார் 25 லட்சம் டாலர். எனக்கு அந்த சீசன் முடிவில் மனதில் நின்றது அது ஒன்றுதான்.

2025ல் அந்த ஸ்ட்ரோக் தானத்தையும் தூக்கிவிட்டார்கள். இப்போது 30 பேரும் சைபரில் ஆரம்பம், குறைவாக அடித்தவனுக்குக் கோப்பை. ஃப்ளீட்வுட் ஜெயித்தது அப்படித்தான்.

---

கணக்குப்பிள்ளை

அப்படியானால் சீசன் சாம்பியன் என்று எதற்குப் பெயர்? ஒரு வாரம் நன்றாக ஆடியவருக்கு வருஷத்தின் பட்டம். ஷெஃப்லர் இந்த வருஷம் பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் பிரிட்டிஷ் ஓப்பனும் அள்ளினார், பால்டிமோர் பக்கத்தில் நடந்த பிஎம்டபிள்யூ போட்டியில் நாலு ஷாட் பின்னால் ஆரம்பித்து 17வது ஓட்டையில் கிரீனுக்கு (ஓட்டையைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) வெளியே இருந்து சிப் என்கிற சின்ன ஷாட் அடித்து உள்ளே விட்டார். அவர் இல்லை சாம்பியன், ஃப்ளீட்வுட்டாம். (ஷெஃப்லருக்காக அழ வேண்டாம், அட்லாண்டா போவதற்கு முன்பே போனஸாக ஒன்றரைக் கோடி டாலர் வந்துவிட்டது.)

லிவ் என்கிற இன்னொரு டூர் பக்கம் போனால் நேர் எதிர். அங்கே நீமன் ஐந்து போட்டி ஜெயித்தார், ரஹ்ம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, ஆனால் வருஷ சாம்பியன் ரஹ்ம். 1.8 கோடி டாலர்! எந்தக் கணக்கு வாத்தியார் போட்ட கணக்கோ. எல்லாமே டிவிக்காரனுக்கும் ஸ்பான்சருக்கும் செய்கிற வியாபாரம், தூங்குங்க தலைவரே.

---

அரியர் ஆறுமுகம்

எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், சீசன் முடிவில் கோப்பை பக்கம் ஒன்றுமே இல்லை. கீழே பாருங்கள்.

ஒரு கோடி டாலரா எண்பது லட்சமா என்பது ஷெஃப்லர் மாதிரி ஆளுக்கு ஒரு பொருட்டா? கார்டு, அதாவது அடுத்த வருஷம் டூரில் ஆடும் உரிமை, இருக்குமா போகுமா என்பதுதான் ஒருவன் தூக்கத்தைக் கெடுக்கும். ராத்திரி ராஜா கேட்ட ஜார்ஜியா போட்டி இதற்குத்தான். ஆர்எஸ்எம் கிளாசிக், சீ ஐலண்ட். ஆகஸ்டோடு கோப்பை முடிந்தாலும் புள்ளிக் கணக்கு நவம்பர் வரை ஓடும், 50க்குக் கீழே இருப்பவர்களுக்கு. இவ்வளவு வருஷமாக முதல் 125 பேருக்கு அடுத்த வருஷ கார்டு முழுசாகக் கிடைக்கும், இந்த வருஷத்திலிருந்து அதை 100 ஆக்கிவிட்டார்கள். 101 முதல் 125 வரை அரைகுறை கார்டு, இடம் காலியானால் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதற்கும் கீழே போனால் டிசம்பரில் க்யூ ஸ்கூல், கார்டுக்கான தகுதிப் போட்டி. பெயரே பாருங்கள், ஸ்கூல். நான் எஞ்சினியரிங்கில் அரியர் எழுதியவன், அந்த வலி எனக்குத் தெரியும். அதுவும் இங்கே மொத்த கும்பலில் ஐந்து பேருக்குத்தான் பாஸ்.

போன வாரம் பெர்முடாவில் என்ன நடந்தது தெரியுமா? ஆடம் ஷெங்க், இருநூறு போட்டிக்கு மேல் ஆடியும் ஒரு வெற்றி இல்லாதவர், பட்டியலில் நூறுக்கு வெளியே கிடந்தவர், அடித்த காற்றில் கொடிக்கம்பமே வளைகிறது, ஒரு ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். ஜெயித்தவருக்கு இரண்டு வருஷத்துக்கு வேலை உறுதி. கடைசி கிரீனில் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தீர்களா?

கோடு நூறில் மட்டும் இல்லை. ஆகஸ்டில் மெம்ஃபிஸ் போட்டி முடிந்ததும் 50வது இடத்தில் ஒரு கோடு. அதற்குள் இருந்தால் அடுத்த வருஷம் இரண்டு கோடி டாலர் பரிசுள்ள பெரிய போட்டிகள் எல்லாவற்றுக்கும் கதவு திறந்திருக்கும். ஜோர்டன் ஸ்பீத் அங்கே 48ல் ஆரம்பித்தார், 54ல் முடித்தார். மூன்று மேஜர் (வருஷத்தின் நாலு பெரும் போட்டிகள்) ஜெயித்தவர்! இனி பெரிய போட்டிக்கு யாராவது அழைப்பு வைத்தால் போகலாம். இந்த வார சீ ஐலண்டில் 60வது இடத்திலும் ஒரு கோடு உண்டு, 51 முதல் 60 வரை வந்தால் அடுத்த வருஷ ஆரம்பத்தில் இரண்டு பெரிய போட்டிகளுக்கு நுழைவு.

பார்க்கிற முறை ஒன்று சொல்கிறேன். லீடரை விடுங்கள். போன் ஆப்பில் உத்தேசப் பட்டியல் என்று ஒன்று ஓடும், யார் இப்போது எந்த இடத்தில் என்று ஷாட்டுக்கு ஷாட் மாறும். 95 முதல் 105 வரை பாருங்கள். எங்கேயோ முன்னால் ஆடுபவன் ஒரு போகி (ஓட்டைக்கு வைத்த கணக்கைவிட ஒரு ஷாட் அதிகம்) போட்டதற்கு, வேறு ஒருவன் ஆட்டம் முடித்து ஹோட்டலில் உட்கார்ந்தபடியே 100க்குள் வருவான். நம்ம ஊர் நெட் ரன் ரேட் கணக்கெல்லாம் இதற்கு முன்னால் குழந்தை விளையாட்டு.

---

மயில் பார்த்தவன்

ஆறுமுகம் அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஃப்ளீட்வுட் கோப்பையை வெறும் வியாபாரம் என்று கணக்குப்பிள்ளை தள்ளுவதை ஏற்க முடியவில்லை. அந்த மனிதர் அமெரிக்க டூரில் 163 போட்டி ஆடி ஒன்றுகூட ஜெயிக்காதவர். ஐரோப்பாவில் ஜெயித்திருக்கிறார், அமெரிக்காவில் மட்டும் கை நழுவும். ஜூனில் ட்ராவலர்ஸில் கடைசி ஓட்டையில் போகி, கீகன் பிராட்லி பர்டி (கணக்கைவிட ஒரு ஷாட் குறைவு), போச்சு. ஆகஸ்டில் மெம்ஃபிஸிலும் கடைசி ஓட்டைகளில் கோட்டைவிட்டார். 164வது போட்டிதான் அட்லாண்டா. தோற்ற ஒவ்வொரு தடவையும் சிரித்த முகமாகப் பேட்டி கொடுத்தவர் அன்று தொப்பியைக் கழற்றிக் கத்தினபோது என் வீட்டில் நானும் கத்திவிட்டேன், நேரம் என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

அக்டோபரில் அவரே டெல்லிக்கு வந்தார், டிபி வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப். அங்கே அக்கா வீடு இருப்பதால் நானும் கிளம்பிவிட்டேன். டெல்லி கோல்ஃப் கிளப் டிவியில் பார்க்கிற மைதானம் மாதிரியே இல்லை. இரண்டு பக்கமும் முள்ளுக்காடு, ஃபேர்வே ஒற்றையடிப் பாதை, நடுநடுவே பழைய கல்லறை மாடங்கள், மயில் பாட்டுக்கு நடந்து போகிறது. பந்து புதருக்குள் போனால் போனதுதான், அதனால் உலகத்தையே டிரைவரால் (வெகுதூரம் அடிக்கிற மட்டை) மிரட்டுகிற மெக்கில்ராய் உட்படப் பலர் அந்த வாரம் டிரைவரை ஓரங்கட்டிவிட்டார்கள். நான் இருந்த இடத்திலிருந்து கை எட்டுகிற தூரத்தில் ஐயர்ன் என்கிற இரும்பு மட்டையால் ஷாட் அடித்தார். அந்தச் சத்தத்தை டிவி ஒருநாளும் கொடுக்காது.

ஃப்ளீட்வுட் 22 அண்டர், நகாஜிமாவை இரண்டு ஷாட்டில் முந்தினார். கடைசியில் அவர் மகன் கிரீனுக்குள் ஓடி வந்து கட்டிக்கொண்டான். அப்பா ஜெயித்த உடனே 18வது கிரீனுக்கு ஓடி வர எனக்கு வாய்த்ததே இல்லையே என்று பையன் முன்பு சொல்லியிருந்தானாம், அதை மனதில் வைத்தே ஆடியதாக அப்பாவே பிறகு சொன்னார். கோப்பை ஆகஸ்டில் முடிந்த சீசன்தான். ஆனால் எனக்கு அது அன்றைக்குத்தான் முடிந்தது.

---

ராத்திரி ராஜா

அடேங்கப்பா, ஒரு கேள்விக்கு இவ்வளவா! ஆறுமுகம் அண்ணே, 95 முதல் 105 என்ற யோசனை பிடித்திருக்கிறது, ஞாயிறு ராத்திரி சீ ஐலண்ட்தான். பெண்கள் டூரும் இதே வாரம் முடிகிறது போலிருக்கிறதே, அது எப்படி?

---

பழைய பர்டி

ஆமாம், ஃப்ளோரிடாவில் நேபிள்ஸ், சிஎம்ஈ என்கிற கடைசிப் போட்டி. முதல் 60 பேர், எல்லோரும் சைபரில் ஆரம்பம், ஜெயித்தால் 40 லட்சம் டாலர். சுத்தமான ஏற்பாடு, ஆண்கள் டூர் பதினெட்டு வருஷம் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் அவர்கள் எப்போதோ நின்றுவிட்டார்கள். தாய்லாந்தின் ஜீனோ திதிகுலைப் பாருங்கள், போன வருஷமும் அவர்தான்.

---

ராத்திரி ராஜா (நவம்பர் 24, திங்கள்)

பார்த்தாச்சு. ஜீனோ 26 அண்டர், மறுபடி அவரே. சீ ஐலண்டில் சாமி வலிமாகி, ஃபின்லாந்திலிருந்து பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் ஆள், ஒரே ஒரு ஷாட்டில்.

ஆனால் அண்ணே, நான் லீடரை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. 100க்கும் 101க்கும் நடுவில் பேர்கள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், முகம்கூடத் தெரியாத ஒருவர் நாலடி தூரத்திலிருந்து உருட்டிய பட் ஷாட்டைத் தவறவிட்டதற்கு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சத்தம் கேட்டு எழுந்து வந்த வீட்டம்மா யார் ஜெயித்தது என்று கேட்டாள். இன்னும் தெரியவில்லை என்றேன். அப்புறம் எதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தாய் என்று கேட்டாள், அரை மணி நேரம் விளக்கினேன்.

க்யூ ஸ்கூல் டிசம்பரில் எந்தத் தேதி அண்ணே? அனுமதி இனிமேல்தான் கேட்க வேண்டும்.