புதுப்பிப்பு: பழைய இறப்புப் பதிவு தேடுவது – ஊரும் ஆண்டும்

தாத்தா பாட்டி காலத்து இறப்புப் பதிவுக்குச் சொந்த ஊர் விஏஓவிடம் கேளுங்கள் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி.

இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். திருமங்கலத்துக்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் மாநகராட்சிப் பதிவேட்டில் இருப்பார். ஊரில் தேடிப் பயனில்லை. கிராமத்திலேயே இறந்தவர் என்றால், பழைய பதிவேடுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அதிகம் கோட்டைவிடுவது ஆண்டில்தான். கல்லறையிலோ பழைய நோட்டிலோ 'விபவ வருஷம் மாசி 10' என்று இருக்கும். தமிழ் ஆண்டுப் பெயர்களின் அட்டவணையில் விபவ 1928 என்று பார்த்து, அந்த ஆண்டுப் பதிவேட்டைக் கேட்பார்கள். 'இல்லை' என்று பதில் வரும். விபவ தொடங்கியது 1928 சித்திரையில். அதன் மாசி வருவது 1929 பிப்ரவரி, மார்ச்சில். மார்கழிப் பிற்பாதி முதல் பங்குனி வரை எல்லாவற்றுக்கும் அட்டவணை ஆண்டோடு ஒன்று கூட்டுங்கள். 60 ஆண்டுச் சுழற்சி வேறு இருக்கிறது: 1988-லும் விபவதான். பேரன் பேத்தி பிறந்த ஆண்டை வைத்து எது என்று முடிவு செய்யலாம்.

விண்ணப்பத்தில் ஒரே தேதி எழுதாமல், முன்னும் பின்னும் ஓர் ஆண்டு சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். தாமதமாகப் பதிந்தவையும் அகப்படும். பெயரை மட்டும் நம்பவேண்டாம்; 'முத்தையா த/பெ கருப்பன்' என்று ஒரே ஊரில் மூன்று பேர் இருப்பார்கள். தெரு, வயதையும் ஒப்பிடுங்கள்.

இறப்புக்கான காரணத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 1969 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி நகலில் அதைத் தரமாட்டார்கள்.