புதுப்பிப்பு: நாய்க்கு லிம்போமா – ஊசி எங்கே, ஸ்டீராய்டு எப்போது

லிம்போமா என்பது நிணநீர்க் கணுக்களில், அதாவது நெறிகளில், வரும் புற்றுநோய். நாய்க்குத் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வலியில்லாமல் நெறி கட்டினால் உடனே அதில் ஊசி போட்டு செல் எடுக்கச் சொல்லியிருந்தோம். அதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

பல்லில் காரை, ஈறு வீக்கம் இருந்தாலே தாடை நெறி பெருத்துவிடும். பக்கத்திலேயே உமிழ்நீர்ச் சுரப்பி வேறு. ஊசி அதற்குள் போய்விடும். பின்னங்கால் முட்டிக்குப் பின்புறமோ தோளுக்கு முன்னாலோ இருக்கும் நெறிதான் நம்பகமானது. 22 கேஜ் ஊசி போதும். ஸ்லைடில் அழுத்தாமல் இழுக்கணும். லிம்போமா செல்கள் லேசில் உடையும். நூல் நூலாகிவிட்டால் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது. உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும், உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமிக்கான டெஸ்டையும் சேர்த்தே எடுங்கள்.

பலர் கேட்டது: ரிசல்ட் வரும்வரை பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுக்கலாமா? கூடாது. கட்டி மளமளவென்று சுருங்கும், மனசுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் பரிசோதனை குழம்பிவிடும். அதைவிட மோசம், மருந்துக்கு மசியாத செல்கள் தங்கிவிடும். பிறகு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் 'சாப்' (CHOP) கீமோவின் பலன் குறையும். கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு தனி பிரட்னிசோலோன் சரி; பெரும்பாலும் ஒன்றிரண்டு மாத ஆயுள் கிடைக்கும். பி-செல் என்ற வெள்ளணுவில் தொடங்கும் லிம்போமா வகைக்கு முழு கீமோவில் ஏறத்தாழ ஒரு வருடம்.

'சாப்' மருந்துகளில் ஒன்றான சைக்ளோபாஸ்பமைடு மாத்திரையை உடைக்காமல், கையுறை போட்டு, காலையில் கொடுங்கள். அன்றைக்கு அடிக்கடி வெளியே கூட்டிப்போங்கள். மூத்திரம் தேங்கினால் சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தம் வரும். ஒவ்வொரு முறை கீமோ கொடுத்து ஒரு வாரம்வாக்கில் ரத்தத்தில் வெள்ளணு இறங்கும். அப்போது ஆசனவாய் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.