சீனா ரூட்: 8,900 மீட்டருக்கு எத்தனை அடி வைப்பது?

கொழிஞ்சாம்பாறை_320:
கொச்சி பேஸ், ஏ320 பைலட். அடுத்த ரோஸ்டரில் சீனா, அங்கே உயரத்தை மீட்டரில் சொல்வார்கள். 8,900 மீட்டர் கிளியரன்ஸ் (பறக்க அனுமதி) தந்தால் கால்குலேட்டரில் 29,199 அடி வருகிறது, சார்ட்டில் உள்ள மீட்டர்-அடி டேபிள் 29,100 என்கிறது. எதை வைப்பது? அப்ரோச்சிலும் (இறங்க நெருங்கும்போதும்) மீட்டர்தானா?

வாளையார்_கேப்டன்:
டேபிள்தான் தம்பி. 29,200 வைத்தால், 9,200 மீட்டரில், அதாவது 30,100 அடியில், எதிரே வருகிறவனுக்கும் உங்களுக்கும் நடுவே 900 அடிதான். ஆர்விஎஸ்எம்முக்கு (விமானங்களுக்கு இடையே மேல்-கீழ் இடைவெளி விதி) 1,000 வேண்டும். 29,100-இல் பறக்கும்போது மெட்ரிக் ஆல்ட் பட்டனை (உயரத்தை மீட்டரில் காட்டுவது) அழுத்தினால் 8,870 காட்டும். பதறிப்போய்த் திருத்த வேண்டாம், 30 மீட்டர் வரை விலகல் இருக்கும் என்று தெரிந்தே போட்ட டேபிள் அது.

கீழேயும் மீட்டர்தான். 900 மீட்டர் என்றால் 2,953 அடி, எஃப்சியுவில் (ஆட்டோபைலட்டுக்கு உயரம் வைக்கும் பேனல்) 3,000. மினிமம் உயரத்தை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும். இருவரும் தனித்தனியாக டேபிள் பார்த்த பிறகே குமிழைத் திருகுங்கள். ரீட்பேக்கில் (கன்ட்ரோலர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது) 'மீட்டர்' விட்டுப்போகக் கூடாது. காற்றும் மீட்டர்/செகண்டில் வரும், இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்).

நகரி_பாரோ:
மீட்டரைவிட ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) வைக்கும் பிரஷர்தான் ஆளைக் கவிழ்க்கும். '992' ஹெக்டோபாஸ்கலை 29.92 இன்ச் என்று வைத்தால் ஆல்டிமீட்டர் காட்டுவதைவிட சுமார் 600 அடி கீழே இருப்பீர்கள். பழைய சோவியத் பக்கம் சில ஏர்போர்ட்டில் கியூஎஃப்இ (ரன்வேயைப் பூஜ்யமாகக் காட்டும் பிரஷர்) வழக்கமும் உண்டு. நம்ம கோயம்புத்தூர் ரன்வேயில் கியூஎன்ஹெச் (கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டும் பிரஷர்) வைத்தால் சுமார் 1,300 அடி, கியூஎஃப்இ வைத்தால் பூஜ்யம். கியூஎஃப்இ கணக்கில் 1,500 அடி கொடுத்திருக்க, கியூஎன்ஹெச் வைத்து இறங்கினால் தரைக்கு மேல் 200 அடிதான்!

2022 மே மாதம் பாரிஸ் சார்ல் து கோல் ஏர்போர்ட்டில் கியூஎன்ஹெச் 1001-க்குப் பதில் 1011 என்று கன்ட்ரோலர் சொன்னார். பாரோ-விநாவ் அப்ரோச், அதாவது இறங்கும் பாதையை ஆல்டிமீட்டர் பிரஷரை வைத்தே கணக்கிடுவது. பாதை முழுவதும் சுமார் 280 அடி தாழ்ந்தது, ரேடியோ ஆல்டிமீட்டர் (தரைக்கு மேல் உயரத்தை ரேடியோ அலையால் அளப்பது) 6 அடி வரை போன பிறகே விமானம் மேலேறியது. தூரத்துக்கு இவ்வளவு உயரம் என்று ஒப்பிட்டாலும் பிழை தெரியாது, ஏனென்றால் அந்த உயரமும் அதே தப்பான பிரஷரில் வருவதுதான்.

கொழிஞ்சாம்பாறை_320:
அப்போ எப்படித்தான் பிடிப்பது சார்?

நகரி_பாரோ:
கன்ட்ரோலர் சொன்னதை ஏட்டிஸ் (ஏர்போர்ட்டின் தகவல் ஒலிபரப்பு), மெட்டார் (வானிலை அறிக்கை) இரண்டோடும் ஒப்பிடுங்கள். ஓரிரு ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் என்றால் திரும்பக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். ஐஎல்எஸ் (ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பு) இருந்தால் வேலை சுலபம். கிளைட்பாத் (இறங்கு சரிவைக் காட்டும் சிக்னல்) தரையிலிருந்து வருவதால் பிரஷர் அதை அசைக்காது. ஃபைனல் பிக்ஸில் (கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளியில்) சார்ட்டில் போட்ட உயரம் ஆல்டிமீட்டரில் வராவிட்டால் முதல் சந்தேகம் கியூஎன்ஹெச் மேல்தான். ஆனால் டிசிஷன் ஆல்டிட்யூட் (இறங்குவதா, மேலேறுவதா என்று முடிவெடுக்கும் உயரம்) பாரோவில், அதாவது பிரஷர் ஆல்டிமீட்டரில்தானே, அது அப்போதும் தப்பாகவே இருக்கும்.