2013க்கு முன்னால் பழ ஈயில் குறிவைத்து மரபணுவை மாற்றவே முடியவில்லையாம்!

ஈக்காரன்: "மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் க்ரிஸ்பர் கருவி 2013இல் வரும்வரை பழ ஈயில் ஒரு குறிப்பிட்ட மரபணுவைத் தேடிப்போய் மாற்ற முடியவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியானால் 2000இல் ரோங், கோலிக் என்ற இரு ஆய்வாளர்கள் ஈயின் உடல் நிறத்துக்கான யெல்லோ மரபணுவில் செய்தது என்ன, பூஜையா?

கத்தரிக்கோல்: எழுதியது நான்தான். அவர்கள் தாங்கள் தயாரித்த டிஎன்ஏ துண்டை ஈக்குள் நுழைத்ததே பி எலிமெண்ட் என்ற தாவும் டிஎன்ஏ வழியாக. அது கண்ட இடத்தில் போய் உட்காரும். இதில் எங்கே குறி?

ஈக்காரன்: முதலில் எங்கே உட்கார்ந்தால் என்ன ஐயா? அங்கிருந்து ஃப்ளிப் நொதி அதை வளையமாக வெட்டி எடுக்கிறது. இன்னொரு நொதி வளையத்தை அறுக்கிறது. அறுந்த முனை தனக்கு ஒத்த வரிசையைத் தேடிப்போய்ச் சேருகிறது. யெல்லோவில்தானே சேர்ந்தது?

கத்தரிக்கோல்: எத்தனை கலப்பு, எத்தனை ஈயைச் சலித்த பிறகு? க்ரிஸ்பர் என்றால் ஈ முட்டைக்குள் வளரும் கருவில் ஊசி போட்டால் போதும்.

ஈக்காரன்: கஷ்டம் வேறு, முடியவில்லை வேறு. நீங்கள் எழுதியது "முடியவில்லை".

முனைவன்: 2002இல் ஜிங்க் ஃபிங்கர் நியூக்ளியேஸ், அதாவது டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் செயற்கை நொதி, வந்ததை இருவருமே மறந்துவிட்டீர்கள். அதுவும் இதே யெல்லோவில்தான்.

ஈக்காரன்: மறக்கவில்லை, அடுத்து அதைத்தான் சொல்ல வந்தேன்.

முனைவன்: சரி, சரி.

பூச்சிப்பித்தன்: அது பழ ஈயே இல்லை. உண்மையான பழ ஈக்கள் டெஃப்ரிடிடே குடும்பம். நீங்கள் பேசும் ஆய்வக ஈயான டிரோசோஃபிலா வினிகர் ஈ. தலைப்பே தப்பு.

ஈக்காரன்: உலகமே பழ ஈ என்கிறது, உங்களுக்கு மட்டும் உறுத்துகிறதா?

பூச்சிப்பித்தன்: ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டுபவர் நீங்கள். பெயர் மட்டும் எப்படிப் போனாலும் சரியா?

கத்தரிக்கோல்: போன மாதம் "ஒயிட் மரபணு கண்ணை வெள்ளையாக்குகிறது" என்று எழுதியவரும் இந்த ஈக்காரனே. அது கெட்டால்தான் கண் வெள்ளை. நல்ல நிலையில் சிவப்பு.

ஈக்காரன்: அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொன்னேன். பேச்சை மாற்றாதீர்கள். துண்டு யெல்லோவில் சேர்ந்ததா, இல்லையா?

கத்தரிக்கோல்: ஒரு முழு வாக்கியம் எப்படித் தட்டச்சுப் பிழை ஆகும்? சேர்ந்தது, ஆனால் பி எலிமெண்ட்...

ஈக்காரன்: சேர்ந்தது! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கோல்: "ஆனால்" என்று ஒரு சொல் இருக்கிறது, அதையும் படியுங்கள்.

பூச்சிப்பித்தன்: வினிகர் ஈ.