பாஸ்டன் டிரினிட்டி ஆலயம்: சொந்தப் பாணியா, ஐரோப்பாவின் நகலா?

வளைவுப்பிரியன்:
பாஸ்டனில் காப்ளி சதுக்கத்தில் இருக்கும் டிரினிட்டி எபிஸ்கோபல் (அமெரிக்க ஆங்கிலிக்கன் சபை) ஆலயத்தை இரண்டாம் முறை பார்த்துவிட்டு வந்தேன். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்து, 1877இல் பிரதிஷ்டை ஆனது. அமெரிக்காவுக்கென்று ஒரு கட்டடப் பாணி பிறந்தது இங்கேதான் என்பேன். அந்தப் பாணிக்கே அவர் பெயர்தான்: 'ரிச்சர்ட்சோனியன் ரோமனெஸ்க்'. (ரோமனெஸ்க் என்பது அரைவட்ட வளைவுகளும் கனத்த கல் சுவர்களும் கொண்ட இடைக்கால ஐரோப்பியப் பாணி.) 1885இல் நாட்டின் சிறந்த கட்டடங்கள் எவை என்று அந்நாட்டுக் கட்டடக் கலைஞர்களிடம் வாக்கெடுத்தபோது முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது.

சலமங்கா_ரசிகன்:
சொந்தப் பாணி என்பதை ஏற்க முடியவில்லை, நண்பரே. நடுக்கோபுரம் ஸ்பெயினின் சலமங்கா பழைய பேராலயத்தைப் பார்த்து எடுத்தது. நிறம் மாற்றிக் கல் அடுக்குவது நடு பிரான்சில் ஓவர்ன் பகுதி வழக்கம். முன்மண்டபத்தில் தென் பிரான்ஸ் தெரிகிறது. ரிச்சர்ட்சன் பாரிஸில் படித்தவர். கற்றதை அழகாகத் திருப்பிக் கட்டினார், அவ்வளவுதான்.

வளைவுப்பிரியன்:
முன்மண்டபத்தை அவர் கணக்கில் எழுத வேண்டாம். அவர் 1886இல் இறந்துவிட்டார். அது 1890களில் அவருடைய தொழிலைத் தொடர்ந்தவர்கள் சேர்த்தது.

பைல்வேலைக்காரன்:
நான் அடித்தள வேலையில் இருப்பவன். இருவரும் தரையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ஆலயம் நிற்கும் பேக் பே பகுதி ஒரு காலத்தில் அலை ஏறி இறங்கிய சதுப்பு. நீடாம் என்ற ஊரிலிருந்து ரயிலில் சரளை கொண்டுவந்து மேடாக்கினார்கள். அதன்மேல் கல்லால் ஆலயம் கட்ட ஏறக்குறைய 4,500 மரக்கம்பங்களை அடித்து இறக்கினார்கள். நடுக்கோபுரத்தின் கனம் நான்கு பெரிய கருங்கல் பிரமிடுகள் வழியாக அந்தக் கம்பங்களுக்குப் போகிறது. ரிச்சர்ட்சன் முதலில் வரைந்த கோபுரம் இன்னும் உயரம். இந்த மண்ணுக்கு அந்தக் கனம் ஆகாது என்றுதான் குட்டையாக்கினார். இன்றும் கம்பங்களின் தலை நிலத்தடி நீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் மரம் உளுத்துவிடும். பக்கத்தில் இருக்கும், 1976இல் திறந்த 60 மாடி ஹான்காக் கோபுரத்துக்காகப் பள்ளம் தோண்டியபோது மண் நகர்ந்து ஆலயம் சேதப்பட்டது. அந்த வழக்கு 1987 வரை போனது. படிக்கும்போதே எனக்கு நெஞ்சு பதறியது.

சலமங்கா_ரசிகன்:
அருமையான தகவல், நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. குட்டையாக்க வேண்டி வந்தது மண்ணால். சரி. குட்டையாக்கிய பிறகு ஸ்பெயினைத் தேடிப் போனது ஏன்? மண்ணா போகச் சொன்னது?

வளைவுப்பிரியன்:
வெளியே நின்றே தீர்ப்புச் சொல்கிறீர்கள். உள்ளே வாருங்கள். சலமங்காவில் நீளமான கூடத்தில் நடந்து போனால்தான் கோபுரத்தடிக்கு வர முடியும். இங்கே நான்கு கைகளும் குட்டையான சிலுவை வடிவம். சபையே கோபுரத்தின் கீழேதான் உட்கார்ந்திருக்கிறது. காரணம் அப்போதைய குருவானவர் பிலிப்ஸ் புரூக்ஸ். பிரசங்கத்துக்குப் பேர் போனவர். பிரசங்க பீடத்தைத் தூண் மறைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி இடத்தை அகலமாகத் திறந்துவிட்டார்கள். அப்புறம் ஜான் லா ஃபார்ஜின் சுவரோவியங்கள்! வெளியே கரடுமுரடான கல், உள்ளே செம்மையும் பொன்னுமாக ஒரே நிறவெள்ளம். 1883இல் அவர் செய்த மேற்குச் சாளரத்தின் நீலத்தை மாலை வெயிலில் பார்த்தேன், எழுந்து வர மனமில்லை. நாட்டின் முன்னணி ஓவியர் ஒருவரை அழைத்து ஆலயச் சுவர் முழுவதையும் ஒப்படைப்பது அந்த நாளில் அமெரிக்காவுக்கே புதிது.

சலமங்கா_ரசிகன்:
உள்ளமைப்பை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். பிரசங்கத்துக்காகத் திறந்த இடம் என்பது நிஜமாகவே அந்தச் சபையின் சொந்தத் தேவை. கோபுர விஷயத்தில் மட்டும் மாற மாட்டேன். கடன் வாங்கியதைக் கடன் என்றே சொல்ல வேண்டும். அடுத்த முறை போகும்போது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் படம் எடுத்துப் போடுங்கள். சலமங்கா படங்கள் என்னிடம் இருக்கின்றன, பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.