தனியார் தொலைக்காட்சிக்கும் நடுநிலை விதி வேண்டுமா?

கொட்டாஞ்சேனையான்:
கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் அன்று ஆர்ப்பாட்டம். இரவுச் செய்தியில் அப்பா பார்க்கும் அலைவரிசை அதை மக்கள் வெள்ளம் என்றது. நான் பார்ப்பதில் அதே இடம் வெறும் போக்குவரத்து நெரிசல். நானோ 138 பஸ்ஸில் அதற்குள் முக்கால் மணி நேரம் மாட்டியிருந்தவன். இரண்டுமே முழு உண்மை இல்லை.

பிரிட்டனில் ஒஃப்கொம் என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பு இருக்கிறது. தொலைக்காட்சியும் வானொலியும் அரசியல் செய்தியில் நடுநிலை காக்க வேண்டும் என்பது அதன் விதி. தனியாருக்கும் அதே விதிதான். பத்திரிகைக்குக் கிடையாது. அது சரிதானே? கடதாசி அவரவர் காசு, வானலை எல்லோருக்கும் சொந்தம். இலங்கையில் ஏன் அப்படி ஒரு விதி இல்லை?

பழைய நிருபர்:
தம்பி, விதி எழுதுவது ஒரு மணி நேர வேலை. விசில் யார் கையில் என்று சொல்லுங்கள். இங்கே தனியார் தொலைக்காட்சிக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் 1982ஆம் ஆண்டுக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ், அமைச்சர். ஒரு கட்சிக்காரர் கையில் நடுநிலைத் தராசைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

1997இல் ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் என்று ஒன்று வந்தது. தனியாருக்கு வருடா வருடம் அனுமதி புதுப்பிக்க வேண்டும், அரச நிறுவனங்களுக்கு வேறு கணக்கு. உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது. நாங்கள் அன்று பெருமூச்சு விட்டது இன்னும் நினைவிருக்கிறது.

கொட்டாஞ்சேனையான்:
ஐயா, பாதியை விட்டுவிட்டீர்கள். அதே தீர்ப்புதான் அலைவரிசைகள் மட்டுப்பட்டவை, பொதுச் சொத்து, ஒழுங்குபடுத்தலாம் என்றும் சொன்னது. ஒழுங்குபடுத்தும் சபை அரசாங்கத்தின் பிடியில் இருக்கக்கூடாது என்பதுதான் பிரச்சினை. சுயாதீனமான சபையை அமைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வரும் அரசாங்கத்துக்கெல்லாம் இப்போது இருப்பதே வசதி.

வெள்ளவத்தை வாசுகி:
விதியே இல்லை என்பதும் சரியில்லை. 2001இல் வந்த அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் தேர்தல் காலத்தில் எல்லா ஊடகங்களுக்கும் வழிகாட்டி நெறி விடுக்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. மீறினால் தகுதிவாய்ந்த அதிகாரியைப் போட்டு அரசியல் நிகழ்ச்சிகளைக் கையில் எடுக்கலாம். ஆனால் அது அரச ஒலி, ஒளிபரப்புக்கு மட்டும். தனியாருக்கு நெறி உண்டு, பல் இல்லை.

அதுவும் தேர்தல் நேரத்துக்குத்தான். நாலு வருடம் ஒருவரைத் தூக்கித் தூக்கிக் காட்டிவிட்டு, கடைசி ஐந்து வாரம் நிமிடம் எண்ணி என்ன பிரயோசனம்? அப்புறம் நிமிடத்தை எப்படி எண்ணுவது? 2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 பேர் நின்றார்கள். எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தால் வாக்காளர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

கொட்டாஞ்சேனையான்:
பிரிட்டனில் சம நிமிடம் கேட்பதில்லை, அக்கா. விஷயத்துக்குத் தக்க நடுநிலை என்றுதான் விதி.

பழைய நிருபர்:
அந்தத் 'தக்க' என்ற சொல்லுக்குள் ஒரு லொறி ஓடும், தம்பி.

என் கதை ஒன்று சொல்கிறேன். இடம் வேண்டாம். குடிதண்ணீர் பற்றி ஒரு செய்தி கொண்டுவந்தேன். ஆதாரம் கையில், இரு தரப்பும் பேசியிருந்தார்கள். மாலை ஏழு மணிக்கு மேலே இருந்து ஒரு அழைப்பு வந்தது. செய்தி போகவில்லை. பதிலாக யாரோ கேக் வெட்டினார்கள். ஒளிபரப்பான எதிலும் பக்கச்சார்பு இருக்கவில்லை. போகாத செய்தியை எந்த விதி பிடிக்கும்? அமெரிக்காவில் 1949 முதல் சர்ச்சையான விஷயத்தில் இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்று ஒரு கோட்பாடு இருந்தது. 1987இல் அவர்களே கைவிட்டார்கள். சிக்கலான விஷயத்தைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நிலையங்கள் ஒதுங்குகின்றன என்பது அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று.

மருதானை மச்சான்:
எல்லோரும் ஃபோனில் பார்க்கும் காலத்தில் நீங்கள் அன்டெனாவுக்குச் சண்டை போடுகிறீர்கள்.

வெள்ளவத்தை வாசுகி:
ஃபோனுக்கும் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கொண்டுவந்தாயிற்று, தம்பி. அதை யார் கேட்டோம்?

என் கவலை வேறு. தமிழ்ச் செய்தியில் பல நாள் சிங்களச் செய்தியின் மொழிபெயர்ப்புதான் வருகிறது. ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் சம்பளப் பிரச்சினை என்றால் அமைச்சர் சொன்னது முழுதாக வரும், தொழிலாளி ஒரு வசனம் பேசுவார். இதை நிமிடம் எண்ணுகிறவர் கவனிப்பாரா?

கொட்டாஞ்சேனையான்:
ஐயா சொன்ன அந்த ஏழு மணி அழைப்பு என்னை யோசிக்க வைத்தது. உள்ளடக்கத்தில் கை வைக்காமல் இதிலிருந்து தொடங்கலாமே: ஒவ்வொரு அலைவரிசையும் யாருடையது, பங்கு யார் யாருக்கு, அரச விளம்பரம் எவ்வளவு வாங்கியது. வருடம் ஒருமுறை பொதுவில் போட வேண்டும்.

பழைய நிருபர்:
அதற்கு நான் இப்போதே கையெழுத்துப் போடுவேன். நடுநிலை விதிக்கு மட்டும் கேட்காதீர்கள்.

கொட்டாஞ்சேனையான்:
நான் அதையும் விடவில்லை, ஐயா. சபை முதலில், விதி பிறகு.

வெள்ளவத்தை வாசுகி:
அந்தப் பட்டியல் தமிழிலும் வருமா? அதை இப்போதே எழுதி வையுங்கள். பிறகு 'மொழிபெயர்ப்பாளர் இல்லை' என்பார்கள்.