ஒன்பது வளைவுப் பாலம்: இரும்பு கிடைக்கவில்லையா, தேவைப்படவில்லையா?

ஊவாக்காரன்:
இலங்கையின் மலைநாட்டு ரயில் பாதையில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதைதான். பாலத்துக்கு ஒதுக்கிய இரும்பை முதல் உலகப் போருக்கு எடுத்துக்கொண்டார்கள், வேலை நின்றது, ஊர்மக்கள் கல்லையும் செங்கல்லையும் சிமெந்தையும் கொண்டு கட்டி முடித்தார்கள் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சுமார் 300 அடி நீளம், 80 அடி உயரம், ஒவ்வொன்றும் 30 அடி அகலமான ஒன்பது கண்கள், அதாவது வளைவுத் திறப்புகள், போதாததற்குப் பாதை முழுவதும் வளைவு. இவ்வளவு கணக்குப் பார்த்துக் கட்டிய ஒன்றை “வேறு வழியில்லாமல் கட்டியது” என்று சொல்வது பெருமையா? கதையை நம்புகிறவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மலையடிவாரம்:
நான் நம்புகிறேன், நண்பரே. பாலம் முடிந்தது 1921இல். போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது என்பதற்காக மறுநாளே கொழும்புத் துறைமுகத்தில் உருக்கு வந்து இறங்கிவிடாது. பிரித்தானியா தன் தொழிற்சாலைகளையெல்லாம் போருக்குத் திருப்பியிருந்த காலம் அது. இலங்கையின் மலைப்பாதை ஒன்றுக்கு அவர்கள் பட்டியலில் என்ன இடம் இருந்திருக்கும்?

கதை வெறும் இரும்போடு நிற்பதுமில்லை. பள்ளத்தின் அடி சேறாக இருந்ததால் பொறியியலாளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் பெரும் பாறைகளை உருட்டிப் போட்டு அடியை இறுக்கி, அதன்மேல் தூண்களை எழுப்பலாம் என்றாராம். பாலம் தாங்குமா என்று கேட்டவர்களிடம், முதல் ரயில் போகும்போது நானே அடியில் படுத்துக்கொள்கிறேன் என்றாராம். நூறு ஆண்டுகளாக மக்கள் வாயில் நிற்கும் ஒன்றை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

தூணும் வளைவும்:
திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பாலங்கள் கட்டும் தொழிலில் இருக்கிறேன். இரும்புப் பஞ்சம் இருந்ததா என்பதை விடுங்கள். இந்த வடிவத்துக்கு இரும்பு எங்கே தேவை என்று யாராவது காட்டுங்கள்.

நேரான உத்தரத்தின் மேல் ரயில் ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும். இழுவையைத் தாங்கத்தான் இரும்பு. வளைவில் பாரம் முழுவதும் இரு பக்கமும் இறங்கித் தூண்களை அழுத்துகிறது. அழுத்தத்தைத் தாங்கக் கல்லும் கான்கிரீட்டும் போதும். அடுத்தடுத்த கண்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் நடுத்தூண்களில் பக்கத் தள்ளல் பெரும்பாலும் சமன்பட்டுவிடும். கடைசித் தள்ளலை இரு கரைகளும் வாங்கிக்கொள்ளும்.

பாதையின் வளைவையும் பாருங்கள். இரும்புக் கர்டர், அதாவது இரும்பு உத்தரம், நேராகத்தான் இருக்கும். வளைந்த பாதைக்கு அதைத் துண்டு துண்டாகக் கோணம் மாற்றி வைக்க வேண்டும். கண் பாலத்தில் தூணின் ஒரு முனையை அகலமாகவும் மறுமுனையைக் குறுகலாகவும் ஆப்புபோல் கட்டினால் பாதை தானே திரும்பிவிடும். மேலே மண்ணும் ஜல்லியும் நிரப்பித் தண்டவாளத்தை எந்த வளைவிலும் போடலாம். 44 அடிக்கு ஓர் அடி ஏறும் மலைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எது?

ஒரு சான்றும் தருகிறேன். ஸ்காட்லாந்தின் கிளென்ஃபின்னன் பாலம். 50 அடி அகலக் கண்கள் 21, உயரம் 100 அடி, அதுவும் வளைவான பாதையில். 1901இல் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கம்பியே போடாத கான்கிரீட். அப்போது எந்த உலகப் போரும் இல்லை. இரும்பு ஆலைகள் நிறைந்த நாடு அது. அங்கே விரும்பித் தேர்ந்தெடுத்ததை இங்கே மட்டும் ஏன் கதியில்லாமல் செய்தது என்கிறீர்கள்?

மலையடிவாரம்:
ஐயா, நல்ல விளக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இரும்பு தேவையில்லை என்பதும் இரும்பு கிடைக்கவில்லை என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கக் கூடாதா? கர்டர் வரும் என்று காத்திருந்து, வராதபோது கண் பாலத்துக்குத் திரும்பியிருக்கலாமே. இயற்பியலை வைத்து அதை மறுக்க முடியாது.

ஊவாக்காரன்:
அப்படியானால் சிமெந்து எப்படி வந்தது? காங்கேசன்துறை ஆலை 1950இல்தான் வந்தது. 1921க்கு முன் இலங்கையில் கொட்டிய சிமெந்து கப்பலில் வந்ததுதான். இரும்புக்கு இல்லாத கப்பல் சிமெந்துக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது?

ஆவணமும் இருக்கிறது. இந்தப் பாலத்தைக் கட்டிய விதத்தை வரைபடங்களோடு விளக்கும் கட்டுரையை இலங்கைப் பொறியியல் சங்கம் 1923இல் வெளியிட்டது. கொங்கிரீட் பாலம் என்றே அது சொல்கிறது. வடிவமைத்தவர் ரயில்வே கட்டுமானப் பிரிவைச் சேர்ந்த ஹரோல்ட் மார்வுட். பொறியியலாளர் விமலசுரேந்திராவின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அவருக்கு இரவல் புகழ் வேண்டியதில்லை. நீர்மின்சாரத் திட்டத்தை 1918இலேயே அதே சங்கத்தின் முன் வைத்தவர் அவர். லக்சபான நீர்மின் நிலையமே போதும்.

தேயிலைமகள்:
இவ்வளவு நேரமும் மார்வுட், அப்புஹாமி, விமலசுரேந்திரா. மண் சுமந்தவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே, அண்ணன்மாரே? 1860களில் கண்டிக்குப் பாதை போட்டபோதே தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்களின் உழைப்பு அதில் இருந்தது. நாவலப்பிட்டி, நானுஓயா, பண்டாரவளை என்று 1924இல் பதுளை வரை இந்தப் பாதை ஏறியதே தோட்டங்களின் விளைச்சலை இறக்குவதற்குத்தான். பாலத்துக்கு இரு பக்கமும் இன்றும் தேயிலைதான்.

30 அடிக் கண் ஒன்றுக்குக் கான்கிரீட் இறுகும்வரை மரத்தாலான சென்ட்ரிங் என்ற தற்காலிகத் தாங்கி அடியில் தாங்கி நிற்க வேண்டும். 80 அடி உயரச் சாரத்தில் ஏறி அதை அடித்தவர்களும் பிரித்தவர்களும் யார்? அப்புஹாமி கதை எனக்கும் பிடிக்கும், ஒரு வெள்ளைக்காரர் அல்லாதவரின் பெயராவது அதில் மிஞ்சியிருக்கிறது. ஆனால் ஒருவரை மட்டும் வீரராக்கும் கதை மற்றவர்களை மறைத்துவிடுகிறது. உங்கள் 1923ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதைத்தான் செய்கிறது.

தூணும் வளைவும்:
சகோதரி சொல்வது சரி. சென்ட்ரிங் பிரிக்கும் நேரம்தான் வேலையிலேயே ஆபத்தானது. அவசரப்பட்டால் கண் தொய்ந்துவிடும். ஒரு பக்கத்துக் கண்ணில் மட்டும் பாரம் இறங்கினால் தூண் சாய்ந்துவிடும். எந்தக் கண்ணை முதலில் விடுவிப்பது, எவ்வளவு இறக்குவது என்பதெல்லாம் கைப்பழக்கம் உள்ள மேஸ்திரிகளின் வேலை. வரைபடத்தில் அது இருக்காது.

மலையடிவாரம்:
அந்தக் கைப்பழக்கத்துக்கு எங்கள் பக்கத்தில் வைத்த பெயர்தான் அப்புஹாமி என்கிறேன், தங்கச்சி. பாறை உருட்டியவரும் சாரம் கட்டியவரும் அந்த ஒரு பெயருக்குள் இருக்கிறார்கள். இரும்பு விஷயத்தில் ஊவாக்காரருக்கு நேரான பதில் தர வேண்டும். ரயில்வேயின் ஆண்டு நிர்வாக அறிக்கைகள் கொழும்பு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். 1914 முதல் 1921 வரை உள்ளவற்றில் கர்டர் கேட்டதாக ஒரு வரி இருந்தால் இங்கேயே பதிகிறேன். அதுவரை கதையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஊவாக்காரன்:
பார்க்கும்போது கூலிக் கணக்கையும் பாருங்கள். தேயிலைமகள் கேட்டதற்கு விடை அங்கேதான் இருக்க வேண்டும்.